அம்மா வீட்டைப் படம் பிடித்தேன்

பிறந்த வீட்டைப் பற்றி எழுதச் சொன்னால் எந்தப் பெண்ணுக்குமே பேனா நிற்காது. ஆனால் நான் இங்கே எழுதப் போவது, பிறந்த வீட்டை விற்பதற்காக அதைப் படம் பிடிக்கப் போன கதையை. கேட்க என்னவோ போல் இருக்கிறதல்லவா? போகும்போது எனக்கும் அப்படித்தான் இருந்தது.

எங்கள் வீடு கும்பகோணத்தில். அப்பா காலமான பிறகு அம்மா ஒண்டியாகத்தான் அங்கே இருந்தாள். போன ஐப்பசி மழையில் ஒரு நாள் ராத்திரி, கொல்லைப்பக்கம் போனவள் கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்துவிட்டாள். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. அவளுக்கு வயது 74. கட்டுப் பிரித்த அன்று என்னையும் தம்பியையும் எதிரே உட்கார வைத்துக்கொண்டு சொன்னாள்:

"இனிமே இந்த ஆத்துல ஒண்டியா இருக்க எனக்குத் தைரியம் இல்லே. வித்துடுங்கோ. ஆனா ஒண்ணு. குடியிருக்கறவாளாப் பார்த்துக் குடுங்கோ. இடிக்கறவாளுக்கு வேண்டாம்."

தரகர் ஒருவரிடம் சொன்னோம். அவர் ஒரு மத்தியான வேளையில் வந்து, செல்போனில் ஐந்து படம் எடுத்து விளம்பரத்தில் போட்டார். இரண்டு மாதத்தில் நாலே நாலு பேர் கூப்பிட்டார்கள். நாலு பேரும் கேட்டது ஒரே கேள்விதான். "மனை எத்தனை சதுர அடி? பழைய கட்டடத்தை நீங்களே இடிச்சுக் குடுத்துடுவீங்களா?"

பொங்கலுக்குப் போயிருந்தபோது அந்தப் படங்களை அம்மாவுக்குக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கூடம் குகை மாதிரி இருந்தது. முற்றம் வெள்ளை வெளேரென்று, ஒன்றுமே தெரியாமல் இருந்தது. தூண்கள் ஒன்றன் மேல் ஒன்று சாய்கிற மாதிரி நின்றன. ஊஞ்சல் பலகை மேல் மருந்துச் சீட்டும் தைலப் புட்டியும். கொடியில் அம்மாவின் பழைய உள்பாவாடை. சமையல் உள் படத்தில் பாதியைப் பிளாஸ்டிக் வாளி ஒன்று அடைத்துக்கொண்டிருந்தது.

"இதுவாடி நம்மாத்துப் படம்? பார்த்தா எனக்கே இடிச்சுடலாம்னு தோண்றதே!" என்றாள் அம்மா.

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அந்த ஒரு வார்த்தைதான் மாசி மாதம் என்னை மறுபடி ரயில் ஏற வைத்தது. யோசித்துப் பார்த்தால் அந்த நாலு பேர் மேலும் தப்பில்லை. வீடு சரியாகத் தெரியாத படத்தைப் பார்த்தால் மனையைத்தானே கேட்பார்கள்?

சோழன் எக்ஸ்பிரஸில்

காலையில் எழும்பூரில் சோழன் எக்ஸ்பிரஸில் ஏறி உட்கார்ந்தால் மத்தியானம் கும்பகோணம். ராத்திரி ரயிலும் உண்டு. ஆனால் எனக்குப் பகல் பயணம்தான் பிடிக்கும். சிதம்பரம் தாண்டிக் கொள்ளிடம் பாலம் வந்தாலே பிறந்த ஊர்க் காற்று முகத்தில் பட்டாற்போல ஒரு நினைப்பு. சீர்காழி, வைத்தீசுவரன்கோயில், மயிலாடுதுறை என்று ஊர்கள் வரிசையாக வரும். சம்பா அறுவடை முடிந்த வயல்களில் உளுந்தும் பயறும் பச்சைப் பாயாகக் கிடந்தன.

கல்லூரியில் படிக்கும் என் பெண் முதல் நாள் ராத்திரியே எனக்கு ஒரு வகுப்பு எடுத்திருந்தாள். "அம்மா, போனைப் படுக்க வாட்டத்துல பிடிச்சு எடு. கேமரா செட்டிங்ல கட்டம் கட்டமா கோடு வரும், அதைப் போட்டுக்கோ. தூணும் கோடும் ஒண்ணா நின்னா படம் நேரா இருக்குன்னு அர்த்தம். போனை மேலேயும் கீழேயும் சாய்க்காதே. சாய்ச்சா சுவரெல்லாம் சாயும். மார்பு உயரத்துல பிடிச்சாப் போதும். முதல்ல லென்சைத் துடை. சமையல் கைபட்டு உன் போன் எப்பவும் மங்கலாத்தான் இருக்கு."

எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டேன். பையில் ஓர் அளவு நாடா, பழைய மல் துணி ஒன்று, அந்த நோட்டு. என் போட்டோ சாமான்கள் அவ்வளவுதான்.

போன அன்று மத்தியானமே, சாப்பிட்ட கையோடு ஆரம்பித்துவிட்டேன். அறுபது படம் எடுத்திருப்பேன். சாயங்காலம் பெண்ணுக்கு அனுப்பினேன். "அம்மா, தரகர் மாமாவே தேவலை" என்று பதில் வந்தது! 

ராமானுஜன் வீட்டில் கிடைத்த பாடம்

மறுநாள் காலையில் அம்மாவும் நானும் சாரங்கபாணி கோயிலுக்குப் போனோம். திரும்பும்போது சன்னிதித் தெருவில் இருக்கும் கணித மேதை ராமானுஜன் வீட்டுக்குள் நுழைந்தோம். பிறந்த ஊரில் இருப்பதாலேயே நான் ஒழுங்காகப் பார்க்காமல் விட்ட இடம் அது. 2003-ல் தஞ்சாவூர் சாஸ்திரா பல்கலைக்கழகம் அந்த வீட்டை வாங்கி, நினைவு இல்லமாகப் பாதுகாத்து வருகிறது. மரத்தூண் வைத்த திண்ணை, தெருவைப் பார்த்த ஜன்னலோடு ஒரு சின்ன அறை, கூடம், சமையல் உள், பின்னால் கிணறு. எங்கள் வீட்டைவிடச் சின்னது. ஜாடை மட்டும் அப்படியே எங்கள் வீடு.

"இதையும் யாராவது மனைக்காக வாங்கியிருந்தா என்ன ஆகியிருக்கும்?" என்றாள் அம்மா.

நான் வேறொன்றைக் கவனித்துக்கொண்டிருந்தேன். திண்ணையில் நல்ல வெளிச்சம். தெரு ஜன்னல் இருக்கும் அறையிலும் வெளிச்சம். உள்ளே போகப் போக இருட்டு. பின்கட்டுக்குப் போனால் மறுபடி வெளிச்சம். அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. இந்த மாதிரி வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்பவை. பக்கத்து வீட்டுச் சுவரும் நம் சுவரும் ஒன்று. பக்கவாட்டில் ஜன்னல் கிடையாது. வெளிச்சம் வருவது வாசலிலிருந்து, முற்றத்திலிருந்து, கொல்லையிலிருந்து, அவ்வளவுதான். அந்த மூன்று வெளிச்சமும் ஒரே நேரத்தில் நன்றாக இருக்காது. நானும் தரகரும் செய்த தப்பு, மொத்த வீட்டையும் உச்சி வெயிலில் ஒரே மூச்சில் எடுத்ததுதான். அந்த நேரத்தில் முற்றத்தில் வெயில் கொளுத்தும். கூடம் அதற்கு எதிரில் கறுத்துப்போகும்.

வீட்டுக்கு வந்ததும் நோட்டில் ஓர் அட்டவணை போட்டேன். எங்கள் வாசல் கிழக்குப் பார்த்தது. ஆகவே திண்ணைக்குக் காலை ஏழரை மணி. முற்றத்துக்கும் கூடத்துக்கும் வெயில் தரையை விட்டு ஏறிய பிறகு, சாயங்காலம் நாலு மணி. கொல்லையிலிருந்து பார்த்தால் தெரியும் பின்பக்கச் சுவரில் மேற்கு வெயில் விழுகிற நாலரை மணி கொல்லைக்கு. நடுவில் கிடைக்கிற நேரமெல்லாம் ஒழிப்பதற்கு.

ஒழிக்கிற வேலை

படம் எடுப்பது அரை மணி, வீட்டை ஒழிப்பது ஒரு நாள். இது எந்த வீட்டுக்கும் பொருந்தும். காலண்டர்கள், கொடித் துணி, மிதியடி, பிளாஸ்டிக் குடங்கள், பல்விளக்கும் பிரஷ், மருந்துகள் எல்லாவற்றையும் ஒரே அறைக்கு மாற்றி, அந்த அறையைக் கடைசியில் எடுத்தேன். தூசு தட்டும்போது மூக்கில் துணி கட்டிக்கொண்டேன். அம்மாவை முக்காலி மேல் ஏறவே விடவில்லை. ஒரு கை உடைந்து சேர்ந்ததே போதும்!

ஊஞ்சலைக் கழற்றிவிடலாமா என்று கேட்டேன். "அது இருந்தாத்தான் கூடம் எவ்வளவு பெரிசுன்னு தெரியும். காலி இடத்தைப் பார்த்தா அளவு தெரியுமா?" என்றாள் அம்மா. அவள் சொன்னது எத்தனை சரி என்று படத்தைப் பார்த்தபோது தெரிந்தது. ஒரு நாற்காலியோ ஊஞ்சலோ இல்லாத அறை, படத்தில் அளவே தெரியாமல் வெறும் சுவராகத்தான் நிற்கிறது.

கூடத்தில் டியூப்லைட்டைப் போட்டு எடுத்தபோது பாதிச் சுவர் நீலம் பாரித்தது, பாதி பழுப்பாக இருந்தது. விளக்கு வெளிச்சமும் பகல் வெளிச்சமும் வெவ்வேறு நிறம். நம் கண் அதைச் சரிக்கட்டிக்கொள்ளும், கேமரா சரிக்கட்டுவதில்லை. விளக்கை அணைத்துவிட்டு, முற்றத்துக்கு முதுகைக் காட்டி நின்று எடுத்தேன். ரத்தினக் கம்பளம் போலச் சிவப்புத் தரை பளிச்சென்று வந்தது. பிளாஷ் போடவே இல்லை.

காமரா உள்தான் கஷ்டப்படுத்தியது. இருட்டில் கை கொஞ்சம் அசைந்தாலும் படம் கலங்குகிறது. அகலமான எவர்சில்வர் சம்படத்தில் அரிசியை நிரப்பி, போனைத் துணியில் பாதி சுற்றி அதில் செருகி, முக்காலி மேல் வைத்தேன். மூன்று வினாடி கழித்துத் தானே எடுக்கும் டைமரைப் போட்டுவிட்டு விலகி நின்றேன். துளி அசைவில்லாமல் வந்தது. "அரிசிச் சம்படத்துக்கு இப்படி ஒரு யோகமா?" என்று அம்மாவுக்கு ஒரே சிரிப்பு.

காமரா உள் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். கேமரா என்ற சொல்லுக்கு லத்தீனில் அறை என்றுதான் பொருளாம். என் பெண் சொன்னாள். அதே சொல் போர்த்துக்கீசியர் வழியாக நம் ஊர் உள்ளறைக்குக் காமரா என்று பெயராகிவிட்டது. இருட்டறையில் ஒரு சின்னத் துளை வழியே வெளிச்சம் நுழைந்தால், வெளியே இருக்கும் காட்சி எதிர்ச்சுவரில் தலைகீழாக விழும். கேமராவுக்கே ஆதாரம் அதுதான். இதைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சின்ன வயதில் கோடை விடுமுறையில், ரேழிக் கதவைச் சாத்திக்கொண்டு நானும் தம்பியும் அதைத்தான் பார்ப்போம். கதவில் ஒரு பழைய ஆணித் துளை. தெருவில் நல்ல வெயில் அடித்தால், பால்காரர் சைக்கிள் ரேழிச் சுவரில் தலைகீழாக ஊர்ந்து போகும்! கேமராவுக்குள்ளேயே வளர்ந்துவிட்டு, படம் எடுக்கத் தெரியவில்லை என்று நான் திண்டாடியிருக்கிறேன்.

இன்னொரு சேதியும் சொன்னாள். கேமராவால் எடுத்து இன்றுவரை அழியாமல் இருக்கும் மிகப் பழைய படம், பிரான்ஸ் தேசத்தில் நியெப்ஸ் என்பவர் 1826 அல்லது 1827-ல் தம் வீட்டு மாடி ஜன்னலிலிருந்து எடுத்ததாம். அதில் தெரிவது ஆளும் இல்லை, அருவியும் இல்லை. அக்கம்பக்கத்துக் கூரைகளும் சுவர்களும்தான். அந்த ஒரு படம் பதிய எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் பிடித்திருக்கும் என்கிறார்கள். நான் மூன்று வினாடிக்கு அலுத்துக்கொண்டேன்!

கல்யாண மண்டபமும் ஈரச் சுவரும்

செல்போனில் 0.5 என்று ஒரு லென்ஸ் இருக்கிறதல்லவா? அதைத் தொட்டால் சின்ன அறையும் பெரிதாகத் தெரியும். காமரா உள் 10 அடிக்கு 11 அடி. அதில் எடுத்தபோது ஓரத்தில் இருந்த குடம் பூசணிக்காயாக இழுபட்டது. அறை நீண்டுகொண்டே போயிற்று. எனக்குச் சபலம்தான். அம்மாவிடம் காட்டினேன்.

"இது என்ன, கல்யாண மண்டபமா? வேண்டாம்டி. வர்றவா கட்டில் போட முடியுமான்னு பார்ப்பா."

அதை அழித்துவிட்டு, வாசற்படிக்கு வெளியே இரண்டடி பின்வாங்கி நின்று, சாதாரண லென்சிலேயே எடுத்தேன். கொல்லைக் கழிப்பறையில் மட்டும் பின்வாங்க இடமில்லாததால் அந்த அகல லென்சைப் பயன்படுத்தினேன். கூடவே அறை ஒவ்வொன்றின் நீள அகலத்தையும் நாடா பிடித்து அளந்து எழுதிக்கொண்டேன். படம் பொய் சொன்னாலும் அடிக்கணக்கு பொய் சொல்லாது.

இதைவிடப் பெரிய வழக்கு முற்றத்துச் சுவரில் வந்தது. தாழ்வாரத்தின் வடக்கு மூலையில் ஓடு விரிசல் கண்டு, சுவரில் ஆள் உயரத்துக்கு ஈரம் பரவிக் கறை படிந்திருக்கிறது. நான் ஒரு பெரிய காலண்டரைக் கொண்டுவந்து அதன் மேல் மாட்டினேன். அம்மா பேசாமல் வந்து அதைக் கழற்றினாள்.

"ஏம்மா, ஒரு படத்துக்குத்தானே?"

"வர்றவா சார்ஜ் குடுத்துண்டு, குழந்தைகளை இழுத்துண்டு வருவா. வந்து இதைப் பார்த்து மனசு விட்டுப் போறதுக்கு, அவாத்துலேயே பார்த்துட்டு வராம இருக்கட்டும். மறைச்சு வித்தேன்னு என்னை யாரும் சொல்லப்படாது."

கறையைத் தனியாகவே ஒரு படம் எடுத்தேன். கழிப்பறை கொல்லையில் இருக்கிறது, காமரா உள்ளிலிருந்து நாற்பது அடி நடக்க வேண்டும் என்பதையும் எழுதிவிட்டோம். அம்மாவைத் தள்ளிவிட்டதே அந்த நாற்பது அடிதானே! வாங்குகிற வீட்டிலும் ஒரு பெரியவர் இருப்பார். தாழ்வாரத்துக்கு ஒட்டினாற்போல ஒரு கழிப்பறை கட்டிக்கொள்ள இடம் இருக்கிறது. அந்த இடத்தையும் ஒரு படம் எடுத்துச் சேர்த்தேன்.

அம்மா நின்ற இடம்

அன்று ராத்திரி முற்றத்து ஓரமாகப் படுத்திருந்தோம். "2016 மகாமகத்துக்கு இந்த ஆத்துல எத்தனை பேர் படுத்துண்டா தெரியுமா? நாப்பது பேர். திண்ணையில இடமில்லாம மாமா ரேழியில படுத்துண்டார். அடுத்தது 2028-ல வரது. அப்போ நான் எங்கே இறங்கறது?" என்று கேட்டாள் அம்மா. நான் பதில் சொல்லவில்லை. தூங்குவதுபோல் இருந்துவிட்டேன். அவளுக்கும் தெரிந்திருக்கும்.

மூன்றாம் நாள் சாயங்காலம் கூடத்தை எடுத்துக்கொண்டிருந்தேன். எந்த மூலையில் நின்றாலும் ஏதோ ஒன்று தப்பிப் போயிற்று. ஊஞ்சல் வந்தால் முற்றம் வரவில்லை. முற்றம் வந்தால் வாசல் வரவில்லை. சமையல் உள்ளிலிருந்து அம்மா கூப்பிட்டாள்.

"இங்கே வந்து, நான் நிக்கற எடத்துல நில்லு."

சமையல் உள் வாசற்படியில் அவள் நின்றுகொண்டிருந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் நிற்கிற இடம். கரண்டியும் கையுமாக அங்கே நின்றுதான் எங்களைக் கூப்பிடுவாள். நானும் போய் நின்றேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள். தாழ்வாரத்துத் தூண்கள், முற்றத்து வெளிச்சம், ஊஞ்சல், கூடம், ரேழி, திறந்த வாசற்கதவு, அதற்கப்பால் தெருவில் எதிர்வீட்டுக் கோலம் வரை, கதவுகளெல்லாம் ஒரே நேர்கோட்டில். மொத்த வீடும் அங்கிருந்து தெரிந்தது.

"யார் வரான்னு இங்கேர்ந்துதான் பார்ப்பேன். நீ ஸ்கூல் விட்டு வரதும் இங்கேர்ந்துதான் தெரியும்" என்றாள்.

காலையாக இருந்திருந்தால் வாசல் வெயில் கண்ணைப் பறித்து, உள்ளே எல்லாம் கறுத்திருக்கும். சாயங்காலமானதால் தெருவிலும் நிழல், உள்ளேயும் இதமான வெளிச்சம். திரையில் கூடத்துத் தரையை ஒரு தடவை தொட்டேன். அந்த இடத்துக்கு வேண்டிய வெளிச்சத்தைப் போனே சரி செய்துகொண்டது. ஒரே படம்தான் எடுத்தேன்.

பெண்ணுக்கு அனுப்பினேன். இந்தத் தடவை அவள் கேலி செய்யவில்லை. "பாட்டி வீடு இவ்வளவு அழகாம்மா?" என்று மட்டும் எழுதியிருந்தாள். அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அம்மா படத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்பிடி இருக்கற ஆத்தையா விக்கறோம்?"

எனக்குத் தொண்டை அடைத்தது. நல்ல படம் எடுத்துத் தப்புப் பண்ணிவிட்டேனோ என்றுகூடத் தோன்றியது. "வேண்டாம்னா விட்டுடலாம்மா" என்றேன். அவள் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு, "இல்லே. அழகா இருக்கறபோதே குடுத்துடணும். நான் விழுந்து, அதுவும் விழுந்தப்புறம் குடுக்கப்படாது. இதை முதல் படமாப் போடு" என்றாள்.

விளம்பரத்தில் பதினான்கு படங்கள். ஒருவர் வாசலிலிருந்து உள்ளே நடந்து வந்தால் எப்படிப் பார்ப்பாரோ அந்த வரிசையில் அடுக்கினோம். அம்மாவின் படம் மட்டும் முதலில். கறைச் சுவர் பதினோராவது. வயதானவர் தனியே இருக்கிறார் என்பதை எங்கேயும் எழுதவில்லை. கூப்பிடுகிறவர்களுக்குத் தம்பியின் எண்ணைத்தான் கொடுத்தோம்.

பங்குனியில் ஏழு பேர் கூப்பிட்டார்கள். அதில் இரண்டு பேர்தான் மனையைப் பற்றிக் கேட்டார்கள். மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள், கையைப் பிடித்துக்கொண்டு மாமியார். அந்தப் பெண் உள்ளே வந்ததும் நேராக வடக்கு மூலைக்குப் போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். "போட்டோவிலே பார்த்த மாதிரியேதான் இருக்கு. ஓடு மாத்தினா சரியாயிடும்" என்றாள். அவள் மாமியார் தாழ்வாரத்தை ஒட்டின இடத்தைப் பார்த்து, "இங்கேதானே பாத்ரூம் கட்டலாம்னு போட்டிருந்தீங்க?" என்று கேட்டார். குழந்தைகள் கேட்காமலே ஊஞ்சலில் ஏறிவிட்டன. சித்திரை பிறந்ததும் முன்பணம் கொடுத்தார்கள். வைகாசியில் பத்திரப்பதிவு.

சகோதரிகளுக்குச் சில குறிப்புகள்

வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ படம் எடுக்கப் போகிறீர்களா? என் நோட்டிலிருந்து சில:

1. வாசல் எந்தத் திசை என்று பாருங்கள். கிழக்குப் பார்த்த வாசலைக் காலையிலும், மேற்குப் பார்த்ததைச் சாயங்காலத்திலும் எடுங்கள். மேகமூட்டமான நாள் உள்ளறைகளுக்கு மிக நல்லது.

2. அடுக்குமாடி வீடானால் பால்கனிக்கு முதுகைக் காட்டி நின்று, அறையை உள்நோக்கி எடுங்கள். ஜன்னலை நேருக்கு நேர் பார்த்து எடுத்தால் அறை இருண்டுவிடும்.

3. மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். சுற்றினால் கலங்கித் தெரியும். கண்ணாடி, பீரோ, எவர்சில்வர் பாத்திரங்களில் உங்கள் உருவம் விழுகிறதா என்று பாருங்கள்.

4. சமையலறையை மட்டும் மேடைக்குச் சற்று மேலிருந்து எடுங்கள். அப்போதுதான் மேடை எத்தனை நீளம் என்று தெரியும்.

5. கழிப்பறை, கிணறு, மோட்டார், மாடிப்படி ஆகியவற்றை விட்டுவிடாதீர்கள். வாங்குகிற பெண்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

6. குழந்தைகளின் படம், நகை, சாவிக்கொத்து, மருந்துச் சீட்டு, பட்டா, ஆதார் அட்டை எதுவும் படத்தில் வரக்கூடாது. எடுத்த இடத்தைப் போனே படத்தோடு பதிந்து வைக்கும். எடுப்பதற்கு முன் கேமராவில் அந்த வசதியை நிறுத்திவிடுங்கள்.

7. குறையை மறைக்காதீர்கள். விரிசலும் கறையும் தெரிந்தே வருகிறவர்தான் வாங்குகிறவர்.

8. அந்த வீட்டில் வெகுநாள் சமைத்தவர் யாரோ, அவரைக் கேளுங்கள், எங்கே நின்று எடுக்கலாமென்று.

அம்மா இப்போது என்னோடு குரோம்பேட்டையில் இருக்கிறாள். தரைத்தளம், படுக்கையறையை ஒட்டியே கழிப்பறை, சுவரில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி. அந்த முதல் படத்தை ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாகப் போட்டுச் சட்டம் மாட்டி வந்தேன். கூடத்தில் மாட்டலாம் என்றேன். அம்மா கேட்கவில்லை. சமையலறையில் அடுப்புக்கு எதிர்ச்சுவரில் மாட்டச் சொன்னாள். தோசை வார்க்கும்போது நடுநடுவே தலையைத் திருப்பி அதைப் பார்த்துக்கொள்கிறாள், வாசலில் யாரோ வருகிற மாதிரி.